காரையும் கம்பியும்: நெல்லைப் பாலங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி தன் கரைகளை மறந்து ஓடியது. ஏரலில் ஆற்றுப்பாலம் அறுந்து போக்குவரத்து நின்றது. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். அந்தத் தடத்தில், அடியிலிருந்த சரளைக்கல்லையும் மண்ணையும் வெள்ளம் வழித்துக்கொண்டு போய்விட, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்திற்குப் பிறகு வருவோம்.

வெள்ளம் வடிந்த வாரத்திலேயே நம் கைபேசிக்கு ஒரு செய்தி வரத் தொடங்கியது. 1843ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் அசையாமல் நிற்கிறது. நேற்றுக் கட்டிய பாலங்கள் போய்விட்டன. காரணம் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெண்கரு. சிமெண்டுக்கு ஆயுள் ஐம்பது, சுண்ணாம்புக்கு ஆயுள் ஐந்நூறு. அனுப்பியவர்களுள் நம் மாணவர்கள் உண்டு, நம்மோடு பணிபுரிபவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் உண்டு.

பெருமைப்படுவதில் நமக்கு மறுப்பில்லை. அந்தப் பாலத்தைக் கடந்துதான் நாமும் படித்தோம், வேலைக்கும் போகிறோம். ஆனாலும் ஒரு பாலம் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்குச் சமையற்குறிப்புப் போன்ற ஒரு விடை போதுமா என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் பார்க்கும் பழக்கம் போகாது. ஒரு செய்தி மிகவும் ஒழுங்காக இருந்தால் அதில் எதையோ விட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். தேடிப் பார்த்ததில் விட்டது நிறையவே இருந்தது.

முதலில் பாலத்தின் கதை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு. கச்சேரியும் ராணுவமும் ஒரு கரையில், கோயிலும் கடைத்தெருவும் மறுகரையில். மழைக்காலத்தில் படகை நம்பித்தான் போக்குவரத்து. கலெக்டராயிருந்த ஈ.பி. தாம்சன் காலத்தில் பாலம் கட்டும் யோசனை உருப்பெற்றது. செலவு சுமார் 50,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். பொதுமக்களிடம் வசூலிப்பது என்ற பேச்சு எழுந்தபோது, அதே அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்பது ஊர்வழக்கு. வரைபடம் கேப்டன் ஃபேபர் என்பவருடையது. வேலையில் ஹார்ஸ்லி என்ற பொறியாளரின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 11 வளைவுகள், வளைவு ஒன்றுக்கு 60 அடி, நீளம் 760 அடி, அகலம் இருபத்தொன்றரை அடி. லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டது என்று நெல்லையில் எல்லோரும் சொல்வார்கள். இந்த வாட்டர்லூ விஷயம் முக்கியமானது. அதற்கும் பிறகு வருவோம்.

கைபேசிச் செய்தி விட்டுவிட்ட முதல் விஷயம், இந்தப் பாலமும் ஒருமுறை உடைந்தது என்பது. 1869ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், கட்டி இருபத்தாறே ஆண்டுகளில், பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1871ல் செப்பனிட்டார்கள். பிறகு 1960களின் இறுதியில் போக்குவரத்துப் பெருகியதால் அகலப்படுத்தினார்கள். ஆகவே இன்று நாம் நடந்து போவது 1843ஆம் ஆண்டுப் பாலம் மட்டுமன்று. 1871ம் அதில் இருக்கிறது, 1960களின் சிமெண்டும் கம்பியும் அதில் இருக்கின்றன. 1992 நவம்பர் 13 அன்று அணைகள் நிரம்பித் திறந்துவிடப்பட்ட பெருவெள்ளத்தைத் தாங்கியதும், 2023ஐத் தாங்கியதும் இந்தக் கூட்டுப்படைப்புதான். முன்னோர் கட்டியது என்று சொல்லும்போது, இடையில் செப்பனிட்டவர்களும் நம் முன்னோரே என்பதை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது காரை. காரை, சுதை, சாந்து என்று சுண்ணாம்புக் கலவைக்குத் தமிழில் பெயர்கள் பல. நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவருக்குப் பூசிய சுதையின் வெண்மை பேசப்படுகிறது. தொழில்முறை எளியதுதான். சுண்ணாம்புக்கல்லையோ கடற்சிப்பியையோ காளவாயில் இட்டுச் சுட வேண்டும். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் கல்லுக்குள் இருக்கும் கரியமிலவாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய கல் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். கிடைத்த சுண்ணாம்பைத் தண்ணீர்விட்டு நீற்றி, மணல் சேர்த்து, செக்கில் மாடு கட்டி அரைத்தால் காரை. இதில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். இது கட்டுக்கதை இல்லை. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும் என்பது வேதியியல். பனைமரம் நிறைந்த சீமையில் கருப்பட்டிக்கு என்ன பஞ்சம்? முட்டை வேறு கணக்கு. அது செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோன்ற மேற்பூச்சுக்கு உரியது. ஆற்றுப்பாலத்துத் தூணுக்குள்ளே முட்டையைத் தேடுவது வீண்வேலை என்றே நமக்குத் தோன்றுகிறது.

சுவரில் பூசிய காரை இறுகுவது எப்படி? சூளையில் இழந்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில், தடித்த சுவரானால் தலைமுறைக்கணக்கில் வாங்கிக்கொண்டு, தான் பிறந்த கல்லாகவே மீண்டும் மாறிவிடுகிறது. பழங்காரை நாள்பட நாள்படக் கெட்டிப்படுவதன் ரகசியம் இவ்வளவுதான். நுண்ணிய விரிசல் விழுந்தாலும், கரைந்த சுண்ணாம்பு அங்கே வந்து படிந்து ஓரளவு தானே மூடிக்கொள்ளும். சுட்டபோது கல்லிலிருந்து வெளியேறிய வாயு பெரும்பகுதி திரும்ப வந்துவிடுவதால் சூழலுக்கும் கேடு குறைவு. ஆனால் காளவாயில் எரித்த விறகின் புகை திரும்ப வருவதில்லை. சுண்ணாம்புக் காலத்தைப் பொற்காலம் என்பவர்கள் எரிந்த காடுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தூய சுண்ணாம்புக்கு ஒரு பெருங்குறை உண்டு. நீருக்கடியில் அது இறுகாது. அங்கே காற்றேது? அதற்காகத்தான் சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சேர்த்தார்கள். சுர்க்கி என்பது இதன் பெயர். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் நீரின் முன்னிலையிலேயே கூடி இறுகும். 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தச் சுர்க்கிக் காரையால் ஆனது. இதை நினைவில் வைத்துக்கொண்டு சிமெண்டுக்குப் போவோம்.

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றது 1824ல். அதாவது நெல்லைப் பாலம் கட்டும்போது சிமெண்டு என்ற பொருள் உலகில் இருந்தது, ஆனால் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. இந்தியாவில் 1904ல் சென்னையில் சிப்பியைக்கொண்டு சிமெண்டு செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நம் பள்ளத்தாக்கின் கதை தாழையூத்தில் தொடங்குகிறது. திருநெல்வேலிக்கு வடக்கே அங்கே பூமிக்கடியில் நல்ல சுண்ணாம்புக்கல் இருந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரரான எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946ல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1949ல் தாழையூத்து ஆலை ஓடத் தொடங்கியது. ஊரின் ஒரு பகுதிக்குச் சங்கர் நகர் என்றே பெயர் வந்தது. காளவாயில் சுட்ட அதே கல் இப்போது களிமண்ணோடு சேர்ந்து 1450 பாகையில் வெந்து, அரைபட்டு, சாக்கில் வந்தது. நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறியது.

சிமெண்டைப் பழிப்பது இலக்கிய வட்டங்களில் இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. சுதை பூசிய சுவர்கள் யாருடைய சுவர்கள்? கோயில், அரண்மனை, மிராசுதார் வீடு. கட்டைக்குத்து மட்டப்பா போட்ட வீடு தெருவுக்கு எத்தனை இருந்தது? மற்றவர்களுக்கெல்லாம் மண்சுவர், பனையோலைக் கூரை, சித்திரையில் தீ, ஐப்பசியில் ஒழுக்கு. காரை அரைக்க நாட்கணக்கு, இறுக மாதக்கணக்கு, அதற்கென்று கைதேர்ந்த கொத்தனார். சிமெண்டு மூட்டை இந்த வரிசையைக் கலைத்தது. இரண்டு தலைமுறையில் ஓலைக்குடிசையிலிருந்து தளம்போட்ட வீட்டுக்கு வந்தவர்களிடம் போய்ச் சுண்ணாம்பின் மேன்மையைப் பேச நமக்கு வாய் வராது. திருநெல்வேலி சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலம் 1973ல் திறக்கப்பட்டது. முழுக்கக் கான்கிரீட்டு. அரை நூற்றாண்டு கடந்து இன்றும் மேலும் கீழும் வண்டிகளைச் சுமக்கிறது. கான்கிரீட்டு நிற்காது என்பவர்கள் அதன் அடியில் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

சிக்கல் கான்கிரீட்டிலன்று, அதற்குள் இருக்கும் கம்பியில். வளைவுப் பாலத்தில் எடை முழுவதும் கல்லை அழுத்துகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கல்லுக்கும் காரைக்கும் நிகரில்லை. கான்கிரீட்டையும் அப்படியே விட்டிருந்தால் அதுவும் நெடுங்காலம் கிடக்கும். நாம் அதைத் தட்டையாக நீட்டினோம். நீட்டிய பலகை நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். இழுவிசைக்குக் கான்கிரீட்டு ஆகாது. அதற்காகத்தான் இரும்பு. இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் புதுக் கான்கிரீட்டின் கடும் காரத்தன்மை. கார அளவு 12க்கு மேல் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப்படலம் நிற்கும்.

இனி வருவதுதான் இந்த விஷயத்தில் நம்மை மிகவும் யோசிக்கவைத்தது. காரையைக் கல்லாக்கும் அதே கரியமிலவாயு, கான்கிரீட்டுக்குள்ளும் நுழைகிறது. சுண்ணாம்புச் சத்தோடு கூடி அதன் காரத்தைத் தணிக்கிறது. கான்கிரீட்டுக்கு அதனால் பெரிய தீங்கில்லை, சற்றுக் கெட்டிப்படவும் கூடும். ஆனால் காரம் 9க்குக் கீழே இறங்கிய மண்டலம் கம்பியைத் தொட்ட அன்று காப்பு போய்விடுகிறது. பிறகு ஈரமும் காற்றும் போதும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெம்பி, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். 1980களில் கட்டிய வீடுகளின் கூரையடியில் பெயர்ந்து விழும் துண்டுகளும் சிவந்த கம்பிகளும் நம் ஊரில் யாருக்கும் புதியவை அல்ல. வீட்டுத் தளத்தில் கம்பிக்கு மேல் இருக்கவேண்டிய கான்கிரீட்டு வெறும் 2 சென்டிமீட்டர். கொத்தனார் அதில் ஒன்றை விட்டால் ஆயுளில் பாதிக்கும் மேல் போயிற்று. வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் போல வளர்வதால், பாதிக் கனத்தைக் கடக்க அதற்குக் கால்பங்குக் காலமே போதும். கடலோரத்தில் உப்பு வேறு சேர்ந்துகொள்ளும். ஒன்றை முதிர்விக்கும் மூச்சுக்காற்று மற்றதை முதுமையாக்குகிறது.

(இரும்பே அழியும் பொருள்தானே என்று கேட்கலாம். இதே ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூர் தாழிகளிலிருந்தும் சிவகளையிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய இரும்புப் பொருட்கள் வந்திருக்கின்றன. சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுபோகும் ஆய்வறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அவை துருவாகவே வந்தன என்பதும் உண்மை. தாழிக்குள் கிடந்த வாளுக்கு வடிவம் மிஞ்சினால் போதும். பாலத்துக்குள் கிடக்கும் கம்பிக்கு வலிமை மிஞ்ச வேண்டும்.)

வல்லநாட்டுப் பாலத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. நெல்லை, தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் தாமிரபரணியைக் கடக்கும் பாலம் அது. திறந்து பத்தாண்டு நிறைவதற்குள் தளத்தில் ஓட்டை விழுந்து, கீழே ஆறு தெரிந்தது. அடைத்தார்கள், மீண்டும் விழுந்தது. ஒருபக்கத்தை மூடி மறுபக்கத்தில் எதிரும் புதிருமாக வண்டிகளை விட்ட நாட்கள் எத்தனையோ. கைபேசிச் செய்திகளில் சுலோசன முதலியார் பாலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எப்போதும் நிற்பது இதுதான். ஒப்பீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1843ன் பாலம் மாட்டுவண்டிக்கும் குதிரைக்கும் கட்டியது. வல்லநாட்டுப் பாலத்தின்மேல் துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் சரக்குப்பெட்டியும் ஏற்றிய லாரிகள் இரவுபகலாகப் போகின்றன. இன்னொன்றும் உண்டு. 1843ஐ ஒட்டிக் கட்டிய எல்லாமும் நிற்கவில்லை. நின்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலமே உறுதியானது என்கிறோம். ஓலைச்சுவடியில் தப்பியவை மட்டும் நமக்குக் கிடைத்ததால் அழிந்த நூல்களே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

வாட்டர்லூவுக்கு வருவோம். நம் பாலத்துக்கு மூலம் என்று சொல்லப்படும் அந்தப் பாலத்தை ஜான் ரென்னி கட்டினார். 1817ல் திறந்தார்கள். ஒன்பது வளைவுகள், ஒவ்வொன்றும் 120 அடி, முழுக்கக் கருங்கல். பொருளின் தரத்தில் குறைசொல்ல எதுவுமில்லை. அந்தப் பாலம் இன்று இல்லை. அது நின்ற கதையைவிட அது போன கதைதான் நமக்கு வேண்டியது. தேம்ஸ் ஆற்றில் அதற்குக் கீழே பழைய லண்டன் பாலம் இருந்தது. நெருக்கமான தூண்களால் ஏறத்தாழ ஓர் அணைபோல நீரைத் தடுத்து வைத்திருந்தது. 1830களின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். தடை நீங்கியதும் ஆற்றின் வேகம் கூடியது. வேகம் கூடிய நீர் வாட்டர்லூ தூண்களின் அடிமண்ணை அரித்தது. 1884 முதல் அடித்தளத்தில் பழுது தெரிந்தது. 1920களில் ஒரு தூண் இறங்கியது. 1930களில் பாலத்தையே இடித்துவிட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதே இடத்தில் கான்கிரீட்டுப் பாலம் கட்டினார்கள். கருங்கல் கடைசிவரை உறுதியாகவே இருந்தது. காலடியில்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மூலம் போய் நகல் நிற்கிறது. நெல்லைக்காரர்களுக்கு இது சிரிக்கத்தக்க பெருமை. ஆனால் திருவைகுண்டம் அருகே அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தை இப்போது மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். அங்கேயும் இரும்பு உடையவில்லை; அடியில் இருந்தது போயிற்று. நம் ஆற்றுப்பாலம் நின்ற கதையிலும் காரைக்கும் கருப்பட்டிக்கும் நாம் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது ஆற்றின் அடிமட்டத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். மணலாற்றில் நிற்கும் தூணுக்கு அந்த மணலே போர்வை. வெள்ளத்தில் மேல்மணல் நகரும், தூணைச் சுற்றிப் பள்ளம் விழும், வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வரும் மணல் பள்ளத்தை நிரப்பும். வரவும் செலவும் இப்படி ஒத்துப்போன காலம்வரை தூணுக்கு ஆபத்தில்லை.

அந்த மணல் எங்கே போயிற்று என்பதற்கு விடை நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. 1,000 சதுர அடி கான்கிரீட்டு வீட்டுக்கு மணல் மட்டும் சுமார் 15 யூனிட் வேண்டும். யூனிட் என்பது 100 கன அடி. காரைக்கும் மணல் தேவைதான். ஆனால் அன்று ஊரில் கட்டிய காரை வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கப்படுகின்றன என்பது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு. தாமிரபரணி சிறிய ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை சுமார் 125 கிலோமீட்டர். அதற்குள் கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு பழைய அணைக்கட்டுகள், ஆங்கிலேயர் கட்டிய திருவைகுண்டம் எட்டாவது. மேலே பெரிய அணைகள் வந்தபின் மலையிலிருந்து வரும் மணல் அங்கேயே படிந்துவிடுகிறது. வரவு குறைந்த கணக்கில் லாரிகள் செலவை மட்டும் எழுதிக்கொண்டிருந்தன.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் திருவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு. 2010ல், எண்பத்தைந்தை நெருங்கிய வயதில், மதுரைக் கிளையில் வழக்கறிஞர் இன்றித் தாமே நின்று வாதாடினார். தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் திருட்டு நிற்கவில்லை என்பதை ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். திருவைகுண்டம் அணையில் தூர்வாரும் விவகாரம் 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அணைக்கட்டில் படிந்தது வண்டலா மணலா என்ற கேள்விக்கு இந்தச் சீமையில் சந்தை விலை உண்டு.

ஆற்றுமணலுக்கு மாற்றாக வந்தது எம்.சாண்ட். கல்லை உடைத்துச் செய்த மணல். முறையாகச் சலித்துக் கழுவியதானால் பொறியியல் நோக்கில் குறைசொல்ல இயலாது. ஆனால் கல் எங்கிருந்தோ வரவேண்டும். 2022 மே 14 இரவு, நெல்லைக்கு அருகே அடைமிதிப்பான்குளத்துக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். பல நாள் நடந்த அந்த மீட்புப்பணியின்போதும் மாவட்டத்தில் எங்கோ தளம்போடும் வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். நாமும் அந்த ஆண்டில்தான் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பினோம். எம்.சாண்ட் எந்தக் குவாரியிலிருந்து வருகிறது என்று லாரிக்காரரிடம் கேட்கவில்லை. விலையை மட்டும் கேட்டோம்.

சிமெண்டின் மற்றக் கணக்கையும் சொல்லிவிடுவோம். உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேல் எரிபொருளின் புகை அன்று. கல்லே விடும் வாயு. சூரிய ஒளியில் சூளையை ஓட்டினாலும் அது வரத்தான் செய்யும். காரையைப் போலக் கான்கிரீட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திரும்ப வாங்குகிறது என்று பார்த்தோம். அப்படி வாங்குவதுதான் கம்பிக்கு எமன். சூழலுக்கு நல்லது கட்டடத்துக்குத் தீது என்ற இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு வழி, சுட்ட கிளிங்கரின் அளவைக் குறைப்பது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவற்றின் சாம்பல் இப்போது சிமெண்டோடு சேர்கிறது. அண்மைக்காலத்தில் சுவிட்சர்லாந்து, கியூப ஆய்வாளர்களும் தில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து வளர்த்துவரும் புதுவகைச் சிமெண்டில், கிளிங்கரில் பாதியை எடுத்துவிட்டு, சுமார் 800 பாகையில் சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கிறார்கள். கரியமிலவாயு மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறையும் என்கிறார்கள். சுட்ட களிமண் என்றதும் நமக்குச் சுர்க்கி நினைவுக்கு வந்தது. முல்லைப் பெரியாற்றின் கொத்தனார்கள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள். முன்னோர் அறிவு என்று எதையாவது தூக்கிப்பிடிப்பதானால் முட்டையை விட்டுவிட்டுச் செங்கற்பொடியைத் தூக்கிப்பிடிக்கலாம்.

கலவையைவிட அதிகமாக மறந்துபோனது பராமரிப்பு. நம் பாட்டனார் கட்டிய வீட்டில் காரைச்சுவர் கீழ்ப்பகுதியில் பொரிந்தது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தவரை சுவர் ஒழுங்காக இருந்தது. பூசும் ஆள் கிடைக்காத காலத்தில், நிரந்தரமாக ஒரு வழி செய்வோம் என்று சிமெண்டு பூசினோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரைச்சுவரின் மேற்பரப்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வழியை அடைத்தது. ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, மூன்றே ஆண்டில் பூச்சு பலகையாகக் கழன்றது. பின்னால் இருந்த செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பும் கெட்டதில்லை, சிமெண்டும் கெட்டதில்லை. சேர்த்த நாம்தான் கெட்டவர்கள். பழங்கோயில்களில் கல்லிடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது.

சென்ற கோடையில், நீர் இறங்கியிருந்த ஒரு மாலையில், கொக்கிரகுளம் பக்கம் இறங்கிச் சுலோசன முதலியார் பாலத்தின் அடியில் நடந்தோம். பக்கத்தில் புதுப்பாலம். மேலே பேருந்துகள் போகும் அதிர்வு தூணில் கைவைத்தால் தெரிந்தது. ஒரு வளைவின் இடுக்கில் அரசங்கன்று முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வேர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும் என்று தெரியவில்லை. தூண்களின் காலடியில் பழைய மணலை எதிர்பார்த்துப் போனோம். சில இடங்களில் சேறும் ஆகாயத்தாமரையும், சில இடங்களில் பாறை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், முன்பு இங்கே மணல் எதுவரை இருந்தது என்று கேட்டோம். அவர் சோப்புக் கையாலேயே தூணில் ஓரிடத்தைக் காட்டினார். அது நம் இடுப்புக்கு மேலே இருந்தது.